வால்டாக்ஸ் ரோட்டில் திங்கட்கிழமைப் பந்தி

திங்கட்கிழமை இரவு எட்டேகாலுக்கு, சென்ட்ரல் ஸ்டேஷனை ஒட்டிய வால்டாக்ஸ் ரோட்டில், ஷட்டர் இறங்கிய கடைகளுக்கு முன்னால் நடைபாதையிலேயே வாழும் ஐம்பது அறுபது பேர் பாயில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். எங்கள் கிறிஸ்தவ சபையிலிருந்து போகிற பன்னிரண்டு பேரும் அதே பாயில் உட்கார்ந்து அதே சோற்றைச் சாப்பிடுகிறோம். இதை எப்படி நடத்துகிறீர்கள், எவ்வளவு அரிசி போடுகிறீர்கள், பிரச்சினை வராதா என்று மற்ற சபைகளிலிருந்து அடிக்கடி ஃபோன் வருகிறது. ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்வதைவிட எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியது.

கிழமையும் நேரமும்

முதலில் முடிவு செய்ய வேண்டியது மெனு இல்லை, கிழமை. ஞாயிறு மதியம் சென்ட்ரல், பாரிமுனை, பூக்கடை வட்டாரத்தில் சாப்பாட்டுக்குக் குறைவே கிடையாது. ஆராதனை முடிந்து சபைகள் வரும். பிறந்தநாள், நினைவுநாள் என்று குடும்பங்கள் காரில் பொட்டலத்தோடு வரும். செவ்வாய்க்கிழமை ஆர்மீனியன் தெரு அந்தோணியார் கோயிலுக்குக் கூட்டம் வரும், அங்கே யாராவது ரொட்டியோ சாப்பாடோ கொடுப்பார்கள். வியாழன் சாய்பாபா கோயில், வெள்ளி மசூதி வாசல், சனி பெருமாள் கோயில். இந்தக் கணக்கெல்லாம் நடைபாதையில் இருப்பவர்களுக்கு அத்துப்படி. எங்களுக்கு இதைச் சொல்லித் தந்தவர் யானைக்கவுனிப் பக்கம் இருந்த ஒரு பெரியவர். "திங்க, புதன் ரெண்டு ராத்திரிதான் சார் கஷ்டம்" என்றார். திங்கள் என்று வைத்துக்கொண்டோம்.

அம்மா உணவகம் 2013-லிருந்து இருக்கிறது. காலையில் இட்லி ஒரு ரூபாய், மதியம் சாம்பார் சாதம் ஐந்து ரூபாய். கையில் பத்து ரூபாய் உள்ளவர் பகல் பொழுதைச் சமாளித்துவிடுவார். இரவு அங்கே சப்பாத்தி. பல் போனவர்களுக்கு அது ஆகாது. எங்கள் பாய்க்கு வருகிறவர்களில் பாதிக்கு மேல் பல் போனவர்கள்.

நேரத்துக்கும் காரணம் உண்டு. கடை மூடும் முன் அந்த நடைபாதையில் யாரும் உட்கார முடியாது. மூட்டை தூக்குகிறவர்களும் மீன்பாடி வண்டி ஓட்டுகிறவர்களும் வேலை முடித்து வர எட்டு மணி ஆகும். ஒன்பதரைக்கு மேல் போனால் விடிகாலை லோடு இறக்கப் போகிறவர்கள் தூங்கியிருப்பார்கள். குடிக்கிறவர்கள் பேசும் நிலையில் இருக்க மாட்டார்கள். எட்டேகாலிலிருந்து ஒன்பதேகால் வரை ஒரு மணி நேரம்தான் நமக்கு.

பந்தி போடுவது

எங்கள் சபையில் முன்பு ஞாயிற்றுக்கிழமை பொட்டலம் கொடுக்கிற வழக்கம் இருந்தது. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன், பசித்தவருக்கு அது சோறு. ஆனால் பொட்டலம் கைமாற ஐந்து நொடி போதும். வாங்குகிறவர் முகத்தை நாம் பார்ப்பதற்குள் அடுத்த கை நீண்டிருக்கும். வருஷக்கணக்காகக் கொடுத்தும் ஒருவர் பெயர்கூடத் தெரியாமல் இருக்க முடியும்.

நான் திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். எங்கள் ஊர்ச் சபைகளில் வருஷத்துக்கு ஒருமுறை அசனம் நடக்கும். பெரிய அண்டாக்களில் சமைத்து, சபை முழுக்கத் தரையில் வரிசையாக உட்காரும். பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் இலையில் விழுவது ஒரே சோறு, ஒரே குழம்பு. விருந்துக்கு ஏழைகளையும் ஊனரையும் அழைக்க வேண்டும் என்று லூக்கா 14-ல் இயேசு சொல்வதை வைத்து எத்தனையோ அசனப் பிரசங்கம் கேட்டிருக்கிறேன். விருந்துக்கு வரச்சொல்லிவிட்டு யாரையும் வாசலில் நிற்கவைத்துப் பொட்டலம் கொடுத்து அனுப்ப மாட்டோம். கமிட்டியில் நான் கேட்டது இவ்வளவுதான்: அங்கே போய் ஒரு அசனம் போடுவோம், வாரா வாரம்.

செய்கிற விதம் இது. இரண்டு கோரைப்பாயை எதிரெதிரே போட்டால் எட்டுப் பேர் உட்காரலாம்: ஏழு விருந்தாளி, ஒரு தொண்டர். இப்படி எட்டு ஜோடி பாய். ஜமுக்காளம் வேண்டாம், நனைந்தால் காய இரண்டு நாள் ஆகும். கோரைப்பாயைத் துடைத்துச் சுருட்டிவிடலாம். மீதி நான்கு பேரில் மூவர் பரிமாற, ஒருவர் தண்ணீருக்கும் வண்டிக்கும். இவர்கள் கடைசியில் சாப்பிடுவார்கள். சுவரைப் பார்த்து ஒரே வரிசையாக உட்காரவைத்தால் யாரும் பேச மாட்டார்கள், எதிரெதிர் பாய் அவசியம்.

இதில் மாற்றக் கூடாத விதி ஒன்று உண்டு. ஒரு தொண்டருக்கு ஒரு பாய், ஒவ்வொரு வாரமும் அதே பாய், அதே இடம். மின்கம்பத்துக்குப் பக்கத்துப் பாய் எஸ்தர் அக்காவுடையது என்றால் அது எப்போதும் அவருடையதுதான். விருந்தாளிகள் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். மூன்று நான்கு வாரத்தில் அவரவருக்கு ஒரு பாய் என்று அவர்களே அமைத்துக்கொள்வார்கள். அதன் பிறகு ஒரு வாரம் யாராவது வரவில்லை என்றால் அந்தப் பாயில் உள்ள எல்லாருக்கும் தெரியும். தொண்டராகச் சேருகிறவரிடம் ஆறு மாதம் திங்கட்கிழமை வரச் சம்மதமா என்று கேட்டுத்தான் பாய் கொடுக்கிறோம்.

தட்டு எவர்சில்வர். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது. அந்தத் தடை இல்லாவிட்டாலும் எவர்சில்வர்தான் எடுத்துப் போவோம். வீட்டில் விருந்தாளிக்கு எதில் போடுவோமோ அதில் போடுவது என்று பெண்கள் ஐக்கிய சங்கத்தில் முடிவு செய்தார்கள். கழுவுகிற வேலை அதிகம்தான். சில தட்டு திரும்பி வராது. தட்டு தேவைப்பட்ட யாரோ வைத்துக்கொண்டார்கள் என்று விட்டுவிடுகிறோம்.

கை கழுவுவதைப் பற்றிக் கட்டாயம் எழுத வேண்டும், வேறு யாரும் இதைச் சொல்வதில்லை. தெருமுனைக் குழாயில் கழுவிவிட்டு வரச் சொன்னால் பாதிப் பேர் எழுந்திருக்க மாட்டார்கள். சோம்பலால் இல்லை. பக்கத்தில் ஒரு மூட்டை இருக்கும். அதில்தான் மாற்றுத்துணி, போர்வை, ஆஸ்பத்திரிச் சீட்டு, செத்துப்போன மகனின் ஃபோட்டோ எல்லாம். மூட்டையை விட்டு எழுந்தால் திரும்பி வரும்போது அது இருக்கும் என்று நிச்சயமில்லை. அதனால் பழைய காலக் கல்யாணத்தில் செய்வதுபோல, வாளியும் சொம்பும் அகலமான ஒரு தாம்பாளமும் பாய்க்கே வரும். தண்ணீர் ஊற்றுவது தொண்டரின் வேலை. ஆயா ஒருவர் விரல்களை ஒவ்வொன்றாகத் தேய்த்து, நகக்கண்ணில் இருக்கிற அழுக்கைக் கட்டைவிரலால் எடுத்து, இரண்டாவது சொம்பும் கேட்டு வாங்கிக் கழுவுவார். கடைசியில் ஈரக்கையை முந்தானையில் துடைத்துவிட்டு, "இப்ப போடும்மா" என்பார். அந்த அரை நிமிஷம் அவசரப்படக் கூடாது.

சமையல்

அரிசி பிடி அரிசியாக வருகிறது. வீட்டில் உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி எடுத்து டப்பாவில் போட்டு, ஞாயிறன்று ஆலயத்துக்குக் கொண்டுவருகிற பழைய வழக்கம். எங்கள் சபையில் பாட்டிமார் மட்டும் செய்துகொண்டிருந்தார்கள், இப்போது முப்பது வீடுகளில் செய்கிறார்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. பொன்னி, ரேஷன் பச்சரிசி, இட்லி அரிசி, சிலர் வீட்டு பாசுமதி எல்லாம் கலந்து வரும். ஒன்று குழையும்போது இன்னொன்று வேகாமல் நிற்கும். வெள்ளைச் சோறாக வடித்தால் சாப்பிட முடியாது.

இதற்கு வழி சொன்னவர் எங்கள் பாயில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர். மாஸ்டர் என்றுதான் எல்லாரும் கூப்பிடுகிறோம். கல்யாணச் சமையல் வேலைக்குப் போகிறவர். தை, வைகாசி, ஆவணியில் முகூர்த்தம் இருக்கும்போது வேலை இருக்கும், மண்டபத்திலேயே படுத்துக்கொள்வார். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது, வேலையும் இல்லை, படுக்க இடமும் இல்லை. சென்னை நடைபாதைகளில் கேட்டரிங் வேலைக்காரர்கள் நிறையப் பேர் இருப்பதற்கு இது ஒரு காரணம். என் பாயில்தான் உட்காருவார். ரொம்ப நாள் சாப்பிட்டு எழுந்து போவாரே தவிரப் பேச மாட்டார். ஒருநாள் தட்டில் இரண்டு பருக்கையை விரலால் நசுக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ஏன் சார், நாலஞ்சு அரிசி கலந்திருக்கா?"

"ஆமா மாஸ்டர், வீட்டுக்கு வீடு வாங்குறது."

"அப்ப ஒரு மணி நேரம் ஊற வைங்க. பருப்பத் தனியா மஞ்சளும் எண்ணெயும் விட்டுக் கரைய விடுங்க. அரிசி நல்லாக் குழைஞ்சப்புறம்தான் புளி. புளி முன்னாடி பட்டா அரிசியும் வேகாது, பருப்பும் கரையாது. அப்புறம் எது எந்த அரிசின்னு யாருக்கும் தெரியாது."

அன்றிலிருந்து எங்கள் மெனு சாம்பார் சாதம். பல் இல்லாதவர்களுக்கும் அது பொருத்தம். எழுபது தட்டுக்கு மாஸ்டர் போட்ட கணக்கு: அரிசி 7 கிலோ, துவரம் பருப்பு இரண்டரை கிலோ, காய்கறி 5 கிலோ, சின்ன வெங்காயம் ஒரு கிலோ, புளி 350 கிராம், சாம்பார் பொடி 300 கிராம், எண்ணெய் ஒரு லிட்டர், இறக்கும்போது நெய் அரை கிலோ. அரிசியும் பருப்பும் சேர்ந்து எத்தனை படியோ அதற்கு நான்கு மடங்கு தண்ணீர், புளித்தண்ணீர் உட்பட. 80 லிட்டர் அண்டா வேண்டும். சின்னதில் செய்தால் கிளறும்போது பொங்கி வழியும், அடியும் பிடிக்கும். காய் பூசணி, சுரைக்காய், கேரட், கத்தரிக்காய் போதும். முருங்கைக்காய் வேண்டாம், இருட்டில் சக்கையைத் துப்ப இடம் தேட வேண்டியிருக்கும். பெருங்காயத்தைக் கரைத்துக் கடைசியில்தான் விடுவார். நிறையப் பேருக்குச் சர்க்கரை இருக்கிறது, ஆகவே சோற்றின் அளவைக் கொஞ்சம் குறைத்துக் காயும், ஆளுக்கு ஒரு வேகவைத்த முட்டையும், கொண்டைக்கடலைச் சுண்டலும் வைக்கிறோம். தேங்காய்ச் சட்னி, தேங்காய் அரைத்த எதுவும் கிடையாது, சென்னை வெக்கையில் இரண்டு மணி நேரத்தில் ஊசிவிடும்.

சூடு விஷயத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாது. சமைத்த சாப்பாடு பரிமாறும்வரை 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்க வேண்டும். சோற்றில் பேசில்லஸ் செரியஸ் என்கிற கிருமியின் வித்துக்கள் கொதியிலும் சாகாது. சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் முளைத்து விஷத்தை உண்டாக்கும், அந்த விஷம் மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. வீட்டில் வாந்தி பேதி வந்தால் நமக்குக் கழிவறை இருக்கிறது. ரோட்டில் இருப்பவருக்கு, அதுவும் ஒரு பெண்ணுக்கு, அந்த ராத்திரி எப்படிக் கழியும் என்று நினைத்துப் பார்க்க வேண்டும். ஆறே முக்காலுக்கு அண்டாவை இறக்கி, கொதிநீர் ஊற்றிச் சூடாக்கி வைத்த ஹாட் பாக்ஸ்களுக்கு மாற்றுகிறோம். ஏழரைக்குக் குட்டியானை லோடு வண்டியில் ஏற்றுகிறோம். முதல் கரண்டிக்கு முன் ஊசித் தெர்மாமீட்டர் வைத்துப் பார்ப்பது வாலிபர் சங்கத்துப் பையன் ஒருவனின் பொறுப்பு. "நாளைக்கு ஒரு பொட்டலம்" என்று கேட்பார்கள். சோறு தர மாட்டோம், பன்னும் வாழைப்பழமும் தருவோம். காரணத்தைச் சொன்னால் புரிந்துகொள்கிறார்கள்.

மாஸ்டரை ஆலயச் சமையலறைக்குக் கூப்பிட வேண்டும் என்று நான் சொன்னபோது கமிட்டியில் தயக்கம் இருந்தது. யார் எவர் என்று தெரியாது, ஆதார் இருக்கிறதா என்று கேட்டார்கள். நான் பொறுப்பு என்று ஆயர் சொன்னபிறகு அடங்கியது. இப்போது முகூர்த்தம் இல்லாத மாதங்களில் திங்கள் மதியம் மூன்று மணிக்கு வந்துவிடுவார். ஆலயத்துக் குளியலறையில் குளித்து, வெள்ளைத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு அடுப்பு மூட்டுவார். கல்யாண மண்டபத்தில் அவருக்கு என்ன தினக்கூலியோ அதைச் சபைக் கணக்கிலிருந்து கொடுக்கிறோம். ஊழியம் என்று சொல்லி ஒரு தொழிலாளியைச் சும்மா வேலை வாங்குவது நியாயமில்லை. இதில் எனக்கு எந்தச் சந்தேகமும் கிடையாது. என்னை முதலில் சார் என்றவர் இப்போது தம்பி என்கிறார்.

பெயர், ஊர், நோட்டுப் புத்தகம்

கையில் நோட்டும் பேனாவும் வைத்துக்கொண்டு பெயர் கேட்கக் கூடாது. 1945-ஆம் ஆண்டின் பிச்சைத் தடுப்புச் சட்டம் இன்னும் இருக்கிறது. வண்டி வரும், பிடித்துக்கொண்டு போவார்கள் என்ற பயம் நடைபாதையில் எல்லாருக்கும் உண்டு. வேலை செய்து பிழைக்கிறவர்களுக்கும் உண்டு. பெயர் எழுதுகிறவர் யாராக இருந்தாலும் அந்த வண்டிக்காரர் போலத்தான் தெரிவார். ஊரைக் கேட்கலாம். "எந்த ஊரும்மா?" என்பதற்குப் பதில் சொல்லாதவர்கள் குறைவு. விழுப்புரம் பக்கம், ஆந்திராவில் நெல்லூர், ஒடிசாவில் கஞ்சம் என்று வரும். இங்கேயே பிறந்தோம் என்பவர்களும் இருக்கிறார்கள், நடைபாதையிலேயே மூன்று தலைமுறை கண்ட குடும்பங்கள். ஊர் வந்தால் மழை, பயிர், திருவிழா என்று பேச்சு வளரும். பெயர் அதோடு தானாக வரும். வீட்டுக்குத் திரும்பியபின் தொண்டர் தன் ஞாபகத்துக்கு எழுதிவைத்துக்கொள்ளலாம்.

ஏன் வீட்டை விட்டு வந்தீர்கள் என்று கேட்கவே கூடாது. அவர்களாகச் சொல்லும் நாள் வந்தால் கேட்டுக்கொள்ளலாம்.

ஃபோட்டோ கிடையாது. பிறந்தநாளுக்கு நன்கொடை கொடுத்து "பிள்ளை கையால் கொடுக்க வேண்டும்" என்று கேட்கிறவர்கள் உண்டு. வாருங்கள், பிள்ளையைப் பாயில் உட்காரவைத்துச் சேர்ந்து சாப்பிடுங்கள் என்கிறோம். சிலர் வருவதில்லை. வந்தவர்களில் இரண்டு குடும்பம் இப்போது பாய் பொறுப்பில் இருக்கிறது.

கைப்பிரதி கொடுப்பதா, சிறிய பிரசங்கம் வைப்பதா என்று வாலிபர்கள் ஆர்வமாகக் கேட்டார்கள். அவர்களுடைய வாஞ்சை எனக்குப் புரிகிறது. ஆனால் பசியோடு உட்கார்ந்திருப்பவரிடம் தட்டை வைக்கும் முன் பிரசங்கம் வைத்தால், அவர் கேட்பது சோற்றுக்காக. நாம் ஜெபத்தை ஆலயத்தில் முடித்துவிட்டுக் கிளம்புகிறோம். பாயில் அவரவர் வழக்கம். முஸ்லிம் ஒருவர் பிஸ்மில்லா சொல்லி முதல் கவளம் எடுப்பார், ஓர் அம்மா தட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். எங்களுக்காக ஜெபம் பண்ணுங்கள் என்று யாராவது கேட்டால், அந்தப் பாயில் உட்கார்ந்தபடியே, அவர் காதுக்குக் கேட்கும் அளவில் ஜெபிக்கிறோம். கேட்கிறார்கள், அதிகமும் பிள்ளைகளுக்காக.

பணம் கையில் கொடுப்பதில்லை. கொடுத்தால் பாயில் ஏழு பேருக்கும் தொண்டருக்கும் நடுவே கடன் கணக்கு வந்துவிடும், பிறகு வாங்கியவர் முகம் பார்க்கக் கூசி வராமல் நின்றுவிடுவார். மருந்து, பஸ் டிக்கெட், சான்றிதழ் நகல் என்றால் கூடப் போய் வாங்கித் தருகிறோம்.

கடைக்காரர்களையும் மறந்துவிடக் கூடாது. லாரி ஆபீஸ்காரரும் சேட்டு ஒருவரும் முதலில் முகம் சுளித்தார்கள். பந்தி முடிந்ததும் பெருக்கி, வாளித் தண்ணீர் ஊற்றித் தள்ளிவிட்டுக் கிளம்புகிறோம் என்று கண்டபிறகு, சேட்டு தன் கடை வாசல் விளக்கை எங்களுக்காக எரியவிடுகிறார். காவல் நிலையத்துக்கு ஆயர் கையெழுத்தோடு கடிதம் கொடுத்து நகல் வைத்திருக்கிறோம்.

பாயிலிருந்து எழுந்த பிறகு

இதையெல்லாம் ஏன் இவ்வளவு பாடுபட்டுச் செய்ய வேண்டும் என்பதற்கு என்னிடம் உள்ள பதில் இந்தப் பகுதிதான். வாரா வாரம் பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டும் தெரியும் விஷயங்கள் இருக்கின்றன.

எஸ்தர் அக்கா பாயில் ஒருவர் இரண்டு வாரமாக இருமிக்கொண்டிருந்தார், தோள்பட்டை எலும்பு தெரிய ஆரம்பித்தது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளிப் பரிசோதனை. டிபி என்று வந்தது. மருந்து இலவசம். சத்துணவுக்கு மாதம் 500 ரூபாயாக இருந்த உதவித்தொகையை 2024 நவம்பரிலிருந்து 1,000 ஆக்கியிருக்கிறார்கள். ஆனால் மாத்திரை தினம் போட வேண்டும், ஆறு மாதம். மாத்திரை அட்டையை அவர் மூட்டையில் வைத்துக்கொள்கிறார். ஒவ்வொரு திங்களும் அக்காவிடம் காலி அட்டையைக் காட்டுகிறார். பொட்டலம் கொடுத்துவிட்டுப் போகிறவருக்கு அந்த இருமல் கேட்டிருக்காது.

கை கழுவும் ஆயாவுக்குக் கண்புரை. எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819-லிருந்து இருப்பது, அங்கே அறுவை சிகிச்சைக்குக் காசு வேண்டாம். ஆனால் எந்த அரசு ஆஸ்பத்திரியிலும் முதல் கேள்வி, "கூட யாரு வந்திருக்கா?" தனியாள் என்றால் அங்கேயே திரும்பிவிடுகிறவர்கள்தான் அதிகம். ஆயாவோடு அவர் பாய்த் தொண்டர் போனார். கல்லூரியில் படிக்கிற பெண். உறவு என்ற இடத்தில் பேத்தி என்று ஆயாவே சொன்னார். ஆபரேஷன் முடிந்து கண்கட்டோடு ரோட்டில் படுக்க முடியாது, தூசி. மாநகராட்சிப் பெண்கள் காப்பகத்தில் இடம் கேட்டோம்.

காப்பகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். "காப்பகம் இருக்கிறதே, அங்கே போகலாமே" என்று நல்ல மனசோடு கேட்கிறவர்கள் உண்டு. காப்பகத்தை நாங்கள் மதிக்கிறோம், ஆயா அங்கேதான் தேறினார். ஆனால் புருஷன் ஒரு காப்பகம், பெண்டாட்டி ஒரு காப்பகம் என்று பிரிய எந்தக் குடும்பமும் சம்மதிக்காது. விடிகாலை லோடு இறக்குகிறவருக்கு மார்க்கெட் பக்கத்தில் படுக்க வேண்டும். மூட்டை, வண்டி, நாய் எல்லாம் இருக்கும். போகிறவரை அழைத்துப் போகிறோம், போக மாட்டேன் என்பவரின் பாயும் அப்படியேதான் இருக்கும். யாராவது சுயநினைவில்லாமல் கிடந்தால் 108, தங்க இடம் கேட்டால் மாநகராட்சியின் 1913.

முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய், 2023-லிருந்து. அறுபது தாண்டிய எத்தனையோ பேர் வாங்காமல் இருக்கிறார்கள், முகவரி இல்லாமல் ஆதார் இல்லை என்பதால். அங்கீகாரம் பெற்ற காப்பகத்தின் பொறுப்பாளர் தரும் சான்றை முகவரிக்கு ஏற்கிறார்கள். இந்த ஒரு காகிதத்துக்காகப் பல நாள் அலைய வேண்டும், அலைகிறோம். ஆதார், பேங்க், தாலுகா ஆபீஸ் என்று வரிசையில் நிற்கும்போதுதான் நிறையப் பேசுகிறோம். பாயில் பேசாதவர்கள்கூட அங்கே பேசுகிறார்கள்.

ஒருவர் மட்டும் இன்னும் பாய்க்கு வரவில்லை. சுவரோரம் தள்ளி உட்கார்ந்திருப்பார், தனக்குள் பேசிக்கொண்டிருப்பார், யாராவது கிட்டே போனால் எழுந்து போய்விடுவார். பரிமாறுகிற அண்ணன் ஒருவர் தட்டை இருபதடி தள்ளி வைத்துவிட்டு, தன் தட்டோடு தானும் அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுவார். இப்போது அந்தத் தூரம் பத்தடி ஆகியிருக்கிறது. இப்படிப்பட்டவரை வண்டியில் ஏற்றி எங்கேயாவது சேர்த்துவிடலாம் என்று யாராவது சொன்னால் தடுத்துவிடுங்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் அவருக்கும் உரிமை கொடுத்திருக்கிறது. மனநலம் பாதித்து ரோட்டில் இருப்பவர்களுக்காகச் சென்னையில் 1993 முதல் வேலை செய்யும் பான்யன் போன்ற அமைப்பிடம் கேட்டுக்கொண்டுதான் அடுத்த அடி வைக்க வேண்டும்.

மழைக்கு

அக்டோபர் வந்தால் பாய் போட முடியாது. வடகிழக்குப் பருவமழையில் வால்டாக்ஸ் ரோட்டில் முழங்கால் தண்ணீர் நிற்கும். போன வருஷம் மழை நாட்களில் கடை வாசல் படிகளில் கொத்துக் கொத்தாக உட்காரவைத்துப் பரிமாறினோம், பாதிப் பேரைச் சென்று சேர முடியவில்லை. இந்த வருஷம் ஐப்பசி, கார்த்திகை திங்கட்கிழமைகளில் ஆலயத்து ஹாலைத் திறந்துவிடக் கமிட்டி சம்மதித்திருக்கிறது. குட்டியானை சாப்பாட்டுக்குப் பதில் ஆட்களை ஏற்றி வரும். இரண்டு நடை. மாஸ்டர் அந்த நாட்களுக்கு மிளகு தூக்கலாக ரசம் சாதமும் பருப்புத் துவையலும் சொல்லியிருக்கிறார்.

வருவீர்களா என்று பாய் பாயாகக் கேட்டோம். எல்லாரும் கேட்டது மூட்டையைப் பற்றி. ஓய்வுநாள் பாடசாலை அறையில் பூட்டி வைக்கலாம் என்றோம். சாவி யாரிடம் இருக்கும் என்றார் ஒருவர். உங்களில் ஒருவரிடமே இருக்கட்டும் என்றோம். சாவிக்கு மூட்டை தூக்கும் தொழிலாளி ஒருவரை அவர்களே தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். மூட்டைக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்று என்று எண் போட்ட துணி டோக்கன்களைப் பெண்கள் சங்கத்தில் தைத்துக்கொண்டிருக்கிறார்கள். நூறு ஜோடி டோக்கன் கேட்டிருக்கிறோம், ஏனென்றால் சிலருக்கு மூட்டை இரண்டு.